ஏறிவிட்ட வரி

மாலைக் கணினி வகுப்பில் அன்று பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். நாம் எழுதுவதை ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி என்ற ஒரு நிரல்தொகுப்பு வாங்கி அங்கே கொண்டு சேர்க்கும். "எதையாவது எழுதுங்க. லவ் லெட்டர் மட்டும் வேண்டாம், ஏறிட்டா கடவுளாலயும் அழிக்க முடியாது" என்றார் சுனில் சார். எல்லோரும் வணக்கம் என்று எழுதினார்கள். நான் 'அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான்' என்று எழுதினேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. போன புயலில் கடலுக்குப் போன அருளப்பன் அண்ணன் திரும்பவே இல்லை.

வீட்டில் பாடத்தை மறுபடி சரிபார்த்தபோது, அம்மா திரையில் அந்த வரியை வாசித்துவிட்டாள்.

"இத அழிக்க முடியுமா மக்ளே?"

"முடியாதும்மா. சும்மா பழகுறதுக்கு எழுதுனது."

"அழிக்க முடியாதுன்னா பொறவு எப்படி பொய்யாவும்?"

அன்றிலிருந்து அண்ணனுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறாள். நாங்கள் இருவர் மட்டுமே உள்ள வீடு. இரவில் அதை எடுத்துக் கொட்டும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

ஞாயிறு மதியம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "சாப்பிட்டான்னும் எழுதிரு மக்ளே."

எழுதினேன். லைப்ரரி வழக்கம்போல, ஏற்றிவிடலாமா என்று ஒப்புதல் கேட்டது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. அதற்குள் அடுக்களையில் குழாயைத் திறந்து யாரோ தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது. அம்மாவின் கை என் தோளில் இருந்தது.