தரகர் வீட்டுத் தேனீ

"யோவ் தரகரே! வெளியே வாய்யா!"

வாசல் கேட்டைப் பிடித்து உலுக்கினார் பக்கத்து வீட்டு டெய்லர். இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

வீட்டுத் தரகர் வெளியே வந்தார். தலையில் வலைத்தொப்பி, முழங்கை வரைக்கும் கையுறை. தேனீ வளர்ப்பது என்று முடிவு பண்ணின நாளிலிருந்து மனுஷர் பேப்பர் படிப்பதுகூட இந்தக் கோலத்தில்தான்.

"உன் தேனீ கொட்டிடுச்சுய்யா! பாரு, கன்னத்தை நல்லாப் பாரு!"

தரகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், அவர் பெட்டியில் தேனீயே கிடையாது.

அது ஒரு தனிக் கூத்து. "கொட்டுற தேனீ வேணுமா சார், கொட்டாத கொசுத்தேனீ வேணுமா? எதுவானாலும் கூட்டத்தோட வாங்கிக்குங்க, ராணி உள்ளேயே இருக்கும்" என்று தேனீப் பெட்டி விற்ற கடைக்காரர் தலைகீழாக நின்று பார்த்தார்.

தரகர் மசியவில்லை. "ஆள் குடியிருக்கிற வீட்டை எவனாவது வாங்குவானா? நாளைக்கு ஏதாவது தகராறுன்னா யாரு கோர்ட்டுக்கு அலையறது? காலியா குடுங்க. குடி வைக்கிறது என் தொழில்."

தேக்குப் பெட்டி. ரெண்டு மாடி. கிழக்கு பார்த்த வாசல். மனைவி துணி காயப்போடும் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு கொல்லையில் அதை நிறுத்தினார். எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலுக்கும் கிண்ணத்தில் தண்ணீர். உள்ளே மெழுகு தடவி வாசனையெல்லாம் பிடிக்க வைத்தார்.

ஒருநாள் ஒரே ஒரு தேனீ வாசல் வரைக்கும் வந்தது. தரகர் பதறி எழுந்து, "உள்ளே வந்து பாருங்க, நல்ல காத்தோட்டம்" என்றார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயே போய்விட்டது.

"வீட்டுல கலந்து பேசிட்டு வரும்" என்று சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தார். எங்கே வந்தது?

மனைவி சும்மா இருப்பாளா? "காசு குடுத்து ஒரு கூட்டத்தை வாங்கி விட்டுத் தொலைங்களேன்!"

"நானே காசு குடுத்து ஆளைக் குடி வைக்கிறதா? தரகன்னு வெளியில சொல்லிக்க வேணாமா?"

"அப்ப அந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்க. என் துணி காயணும்."

தரகருக்குச் சுருக்கென்றது. ஜனங்கள் போனிலேயே வீடு பார்க்க ஆரம்பித்ததிலிருந்து அவரைக் கூப்பிடுகிற ஆளில்லை. இந்தப் பெட்டியையாவது நிரப்பிக் காட்டலாம் என்று பார்த்தார். அதுவும் இல்லை. கைராசி போய்விட்டது என்று மனசு விட்டுப்போயிற்று. தட்டில் போட்ட சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் இந்த வீங்கின கன்னம்.

"என் தேனீதான்னு எப்படிச் சொல்றீங்க?" மெதுவாகக் கேட்டார்.

"பின்னே என் தேனீயா? உன் பெட்டியிலிருந்து கூட்டம் கூட்டமா கிளம்புது!" டெய்லருக்குப் பேச்சு குழறியது. "மரியாதையா எல்லாத்தையும் காலி பண்ணச் சொல்லு!"

காலி பண்ணச் சொல்லு! அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! தரகருக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது.

"முடியாதுய்யா! முறைப்படி குடி வந்தவங்களை எப்படிக் காலி பண்ணச் சொல்றது? உங்களால ஆனதைப் பாத்துக்குங்க!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "ஏங்க, நிஜமாவே வந்துடுச்சா?"

"பின்னே?" என்றார் தரகர், அவள் முகத்தைப் பார்க்காமல். "விடியக்காலைல சத்தமில்லாம வந்திருக்காங்க. நல்ல குடும்பம்."

"பெரிய குடும்பம்! நாளைக்கு என்னையும் கொட்டட்டும். இவரைத் திருத்தவே முடியாது அண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மத்தியானம் தரகர் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வயிறு நிறைந்ததும் மனசாட்சி எழுந்து உட்கார்ந்துகொண்டது. பாவம், எந்த வீட்டுத் தேனீ கொட்டினதோ! அந்த மனுஷர்மேல் பாய்ந்தது போதாதென்று கட்டினவளிடம் வேறு பொய். கடையில் ஒரு தேன் பாட்டிலை வாங்கிக்கொண்டு டெய்லர் கடைக்கு நடந்தார்.

டெய்லர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். கன்னம் மழமழவென்று பழையபடி இருந்தது. பக்கத்தில், கோட்டுத் தோளுக்கு வைத்துத் தைக்கும் பஞ்சுத் திண்டு ஒன்று ஈரமாகக் கிடந்தது.

"டெய்லரே, ஒரு உண்மையைச் சொல்லிடறேன், திட்டாதீங்க. என் பெட்டி காலி. ஒரு ஈகூட இல்ல."

"தெரியுமே."

"தெரியுமா? அப்புறம் எதுக்குய்யா அந்தக் கத்து கத்தினீங்க?"

டெய்லர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. காலைல உங்க வீட்டம்மா வந்து, இந்தப் பஞ்சை அவங்க கையாலயே என் கன்னத்துல திணிச்சாங்க. 'தேனீ வராட்டிப் போகுது அண்ணே, நீங்க வந்து ஒரு சண்டையாவது போட்டுட்டுப் போங்க, மனுஷன் நல்லாச் சாப்பிட்டு நாளாச்சு'ன்னு அழுதாங்க."