ஏரம்புவின் வலது தோள்

கறக்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த இராசமலரின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. ஏரம்பு வலது கையைத் தூக்கும்போதெல்லாம் தோளுக்குள் கேட்கும் சத்தம் அது. பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குப் புருசனின் தோள் தெரியாதா என்ன!

"இஞ்சாருங்கோ, வந்திட்டியளே?"



அடித்துப் பிடித்துக்கொண்டு முன்வாசல் விறாந்தைக்கு ஓடினாள். அங்கே தம்பி யோகலிங்கம்தான் இருந்தான். கொழும்பில் வைத்தியம் படிக்கிறவன், லீவுக்கு ஊருக்கு, மல்லாவிக்கு வந்திருந்தான். மடியில் ஒரு கை எலும்பு. பாடமாம்! குடியிருக்கிற வீட்டில், பட்டப்பகலில். விசரன்.

தோளுக்கு ஒப்பரேசன் செய்யவென்று ஏரம்பு கொழும்புக்குப் போய் நாலு வருடம். மாட்டேன் என்றவரை மல்லுக்கட்டி மாங்குளம் ஸ்டேசனில் கோச்சி ஏற்றிவிட்டவள் இவள்தான். பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. ஊர் என்ன கதைத்தாலும் அவள் பொட்டை அழிக்கவில்லை.

தம்பி தன்பாட்டில் விளக்கினான். எலும்பின் இந்த உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் குழிக்குள் சுழலுமாம். இடையிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசுமாம். இந்த எலும்புக்குரிய மனிதனுக்கு உரசி உரசி அந்த உருண்டைத் தலை கண்ணாடியாய் மினுங்கிற்று. கீழே ஒருமுறை முறிந்து கோணலாகப் பொருந்தியுமிருந்தது.

இராசமலர் அந்தக் கோணலைத் தடவினாள். முழங்கைக்கு நாலு விரற்கடை மேலே. பாலை மரத்தில் பழம் பிடுங்க ஏறி விழுந்து, நாட்டு வைத்தியர் புக்கை கட்டிப் பொருந்திய ஏரம்புவின் கை. கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவாள்.

"இது ஆற்றை எலும்படா?"

"ஆருக்குத் தெரியும் அக்கா? உரிமை கேட்க ஆளில்லாத உடம்பு."

ஐயோ, ஆளில்லாத உடம்பா! நான் இங்கே கல்லுப்போல இருக்க! நானல்லவா அனுப்பினேன்! கை நெற்றிப் பொட்டுக்குப் போனது.

"நீ இதைப் பொருத்திச் சுழட்டின சத்தம் குசினிக்குக் கேட்டது, தம்பி."

யோகலிங்கம் அவளை விளங்காமல் பார்த்தான்.

"எதோடை அக்கா பொருத்துறது? தோள்பட்டை எலும்பு என்னட்டை இல்லை. ரெண்டு பேருக்கு ஒரு எலும்புப் பெட்டி. அந்த எலும்பு மற்றப் பெடியனோடை கொழும்பிலை."

குசினிக்குள் மறுபடியும் கறக் என்றது.

இந்த முறை யோகலிங்கத்துக்கும் கேட்டது. எலும்பை மடியிலிருந்து மெல்ல இறக்கிப் பாயில் வைத்தான்.

இராசமலருக்குப் பயம் வரவில்லை. கோபமும் அழுகையும்தான் சேர்ந்து வந்தன. நாலு வருடம் கழித்து வீட்டுக்கு வருகிற மனிதர் முன்வாசலால் வரக்கூடாதா?