நேரலையில் ஒரு நன்றி

"அக்கா, மொன்றியலுக்குள்ளயே எங்கட இல்-பிசார் தீவுக்கு பஸ் ஒழுங்கா வாறேல்லை. உங்களுக்கு மட்டும் கெய்ரோவில இருந்து நாடகம் நேரத்துக்கு வருது!"

வலன்ரைன் சிரித்தபடி ரிமோட்டை எடுத்து, அக்கா யோசெப்பின் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டான். காரின் மேல் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவன், அப்படியே சாய்ந்து விழுந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

அடக்கத்துக்கு மகள் ஜெயனி வரவில்லை. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். கனடா விசா சரிவந்திருந்தது. பாஸ்போட்டைக் கொடுத்தால் முத்திரை குத்திவிடுவார்கள். அந்தப் பாஸ்போட் எசமானியின் அலுமாரிக்குள் இருந்தது.

"அழுது கேட்டனான் அம்மா," என்றாள் ஜெயனி தொலைபேசியில். "ரெண்டு வருசம் முடியாமல் தரமாட்டாவாம். முப்பத்தோராம் நாள் பூசைக்காவது வரவேணும் அம்மா."

வலன்ரைனின் மனைவி செலீன் யார் யாரையோ கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் கையை விரித்தார்கள்.

வலன்ரைனின் அக்கா யோசெப்பின் மட்டும் தொலைக்காட்சியின் முன்னால் இருந்தாள். குவைத் வீடுகளில் பல வருடம் சமைத்தவள் அவள். கோயிலில் அவளுக்கு 'அரபிக்காரி' என்று பட்டம். பல்கனியில் டிஷ் பூட்டி, பார்ப்பதெல்லாம் அரபுச் சனல்தான்.

அன்று பின்னேரம் ஒரு நேரலை நிகழ்ச்சி ஓடியது. உலகமெங்குமிருந்து அரபு ஆட்கள் தொலைபேசியில் கதைத்தார்கள். திரையின் அடியில் குறுஞ்செய்திகள் ஓடின.

"குவைத்தில இப்ப ராத்திரி. இதைப் பாக்காத வீடில்லை," என்று சொல்லிக்கொண்டே யோசெப்பின் எண்களை அழுத்தினாள்.

வெகுநேரம் காத்திருந்தாள். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து அரபியில் பொழியத் தொடங்கினாள். மற்றவர்களிடம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் அறிவிப்பாளருக்கு, அவளிடம் அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. செலீனுக்கு 'சால்மியா', 'உம் ஃபஹத்' என்ற இரண்டு பெயர்கள் மட்டும் விளங்கின. முதலாவது ஜெயனியின் எசமானி இருக்கும் இடம்; மற்றது எசமானியின் பெயர். அறிவிப்பாளர் கண்ணைத் துடைத்தார்.

"நல்லாக் கிழிச்சனீங்களோ மச்சாள்?" என்றாள் செலீன் ஆவலோடு.

"இல்லை. நன்றி சொன்னனான்."

"என்ன? என்ர பிள்ளையை மறிச்சு வைச்சிருக்கிறவளுக்கு நன்றியோ?"

"ஓம். அங்க பார், எவ்வளவு மெசேஜ். ஜித்தா, பெய்ரூத், அம்மான்... எல்லாரும் அவளை வாழ்த்துகினம்."

"உங்களுக்கு விசரே மச்சாள்? தம்பி செத்து ரெண்டு கிழமை ஆகேல்லை. அரபு நாடகம் பாத்துப் பாத்து உங்கட மூளையும் அங்கயே போட்டுது!"

யோசெப்பின் தேத்தண்ணி போடப் போனாள். அதன்பிறகு செலீன் அவளோடு கதைக்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள், மொன்றியல் விமான நிலையத்தில் ஜெயனி வந்து இறங்கினாள். கையில் பெரிய பேரீச்சம்பழப் பெட்டி.

"ஆர் பிள்ளை தந்தது?"

"எசமானி மடம்தான் அம்மா. எயார்போட் வரைக்கும் தானே காரில கொண்டுவந்து விட்டவா."

"பேந்தேன் முதல்ல தரமாட்டன் எண்டவள்?"

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெயனி அப்பாவின் படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். பிறகு ஓடிப்போய் யோசெப்பினைக் கட்டிக்கொண்டாள்.

"மாமி, நீங்கள் ரீவியில கதைக்கேக்க நான் மடத்தின்ர சிநேகிதிகளுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். கோப்பையே கைநழுவப் பாத்தது!"

"அப்பிடி என்னதான் சொன்னவா?" என்றாள் செலீன்.

"'தகப்பனை இழந்த பிள்ளையின்ர கையில பாஸ்போட்டைக் குடுத்து, தன்ர காசில ரிக்கெற்றும் போட்டு, பூசைக்கு அனுப்பிவைக்கிற சால்மியா உம் ஃபஹத்துக்கு நன்றி' எண்டு சொன்னவா. எல்லாரும் எழும்பி மடத்தைக் கொஞ்சினவை. விடியும் வரைக்கும் வாழ்த்துச் சொல்லி போன் அடிச்சது." ஜெயனி கண்ணீரோடு சிரித்தாள். "தான் என்னை அனுப்பப்போறா எண்டு மடத்துக்கே அப்பதான் அம்மா தெரியும்!"

செலீன் எழுந்து போய், மச்சாளுக்காக அரபுச் சனலைத் தானே போட்டாள்; சத்தம் வலன்ரைன் குறைத்துவிட்ட அளவிலேயே இருந்தது.