கழன்ற ஹெல்மெட்

கேப்டனின் ஹெல்மெட் கழன்று புல்லில் உருண்டது.

ராணுவக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நான்கே புள்ளிதான் முன்னிலை. முடிய இன்னும் ஐந்து நிமிடம். இந்த நேரத்திலா?

யாரும் இடித்துக்கூடக் கழலவில்லை. கேப்டன் ஹாக்கெட் ஓடினான், குனிந்தான், கழன்றுவிட்டது. தாடை வாரை அவன் மாட்டவே இல்லை.

நடுவர் விசில் ஊதி, வெளியே போ என்று கை காட்டினார். விதி அப்படி. ஹெல்மெட் தானாகக் கழன்றால், அடுத்த ஒரு சுற்று, அதாவது பந்தை ஒரு முறை எடுத்து ஆடி முடிக்கும் வரை, வெளியே நிற்க வேண்டும். நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினால் தப்பலாம். கோச் ஸ்ட்ரிக்லண்ட் அதற்கு இருந்த மூன்று வாய்ப்பையும் ஏற்கெனவே தீர்த்திருந்தார்.

"ஏமஸ்! இறங்கு!"

பெஞ்சில் இருந்த ஏமஸ் ப்ரூவிட், தன்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தான்.

"உன்னத்தான்டா! பத்திரிகை வச்சு அழைக்கணுமா?"

நான்கு வருடமாக அவன் ஹாக்கெட்டுக்கு மாற்று ஆள். ஹாக்கெட்டோ காய்ச்சலோடுகூட ஆடுகிறவன். ஒரு சுற்றுகூட விட்டதில்லை. அதனால் ஏமஸின் சட்டையில் இதுவரை புல் கறை பட்டதே கிடையாது. சொந்த மைதானத்தில் அவனுக்கு இதுதான் கடைசி ஆட்டம்.

மேலே, பெற்றோர் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். ஏமஸின் அப்பா. நெப்ராஸ்காவிலிருந்து இரண்டு நாள் வண்டி ஓட்டி வந்திருந்தார். கால்பந்து நடக்கும் மாதங்களில்தான் மக்காச்சோள அறுவடையும் வரும். ஒரு வருடமும் அவரால் கிளம்ப முடிந்ததில்லை. இந்த முறை ஆலங்கட்டி மழை பயிரை அடித்துப் போட்டுவிட்டது. அறுக்க ஒன்றுமில்லாததால் வந்துவிட்டார்.

பந்தைக் கட்டிக்கொண்டு எதிரணிக்காரன் ஓடி வந்தான். ஏமஸ் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். எப்படியோ கால் கையில் சிக்கியது. விட்டேனா பார் என்று பிடித்துக்கொண்டான். மேலே அவன் அணிக்காரன் இன்னொருவன் விழுந்து அமுக்கினான்.

"தடுத்தவர்கள், டெலானி, ப்ரூவிட்!" என்றது ஒலிபெருக்கி.

பெரியவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் தொப்பியை எடுக்கவே இல்லை.

அவ்வளவுதான். ஹாக்கெட் உள்ளே வந்தான், ஏமஸ் பெஞ்சுக்குப் போனான். தட்டுத் தடுமாறி ஆட்டத்தை ஜெயித்தும் விட்டார்கள்.

ஸ்ட்ரிக்லண்ட் விடுவதாக இல்லை. உடை மாற்றும் அறையில், எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"நீயெல்லாம் கேப்டனாடா? நாளைக்கு முப்பது சிப்பாய்ங்கள நம்பி உன் கையில குடுக்கப் போறாங்க. உனக்கு ஒரு வார் மாட்டத் தெரியல. ஏன்டா மாட்டல?"

"சாக்கு எதுவும் இல்ல, சார்."

அந்தக் கல்லூரியில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கும் பதில் அது. தப்பு செய்தவன் காரணம் சொல்லக் கூடாது. கேட்டவரும் அதற்கு மேல் தோண்டுவதில்லை.

"அடுத்த வாரம் கடற்படைக் கல்லூரியோட மேட்ச். கொடியத் தூக்கிட்டு முன்னால ஓடுறது நீ இல்ல. வேற எவனாவது ஓடட்டும்."

அந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான் கேப்டன் ஆகவே ஆசைப்படுகிறார்கள். ஹாக்கெட்டின் முகம் செத்துப்போனது.

"சரி, சார்" என்றான்.

"தலைக்கனம் ஏறிப்போச்சு. அப்புறம் ஹெல்மெட் எங்க நிக்கும்?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் ஏமஸின் அப்பா அவனைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானப்பா அந்தக் கேப்டன்?"

"ஆமா, சார்."

"தப்பா எடுத்துக்காத தம்பி. என் பையனப் பாத்துக் கத்துக்க. கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னே தெரியாம, நாலு வருஷமா தாடை வார இறுக்க மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான்."

"அப்பா, விடுங்கப்பா" என்று ஏமஸ் நெளிந்தான்.

"கத்துக்கிறேன், சார்" என்றான் ஹாக்கெட். ஏமஸின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு விடுதிப் பக்கம் நடந்தான்.

ஸ்ட்ரிக்லண்டுக்கு மனசு ஆறவில்லை. நேராகத் தளவாட அறைக்குப் போனார். ஆட்டச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வெண்டல், ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஹாக்கெட்டோடத எடு. கொக்கி கிக்கி உடைஞ்சிருக்கா?"

வெண்டல் வாரை மாட்டி இழுத்துக் காட்டினார். அசையவில்லை.

"நல்லாத்தான் இருக்கு, சார்."

"அப்போ திமிரு."

வெண்டல் துடைத்த துணியைக் கீழே வைத்தார்.

"காலையில ஏமஸ் இங்க வந்து, 'எங்க அப்பா வந்திருக்கார், எங்க அப்பா வந்திருக்கார்'னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிட்டிருந்தான், சார். அவன் போனதும் ஹாக்கெட் என்கிட்ட ஒரு விதியக் கேட்டான்."

"என்ன விதி?"

"ஹெல்மெட் கழண்டா எவ்வளவு நேரம் வெளிய நிக்கணும்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒரே ஒரு சுற்றுதாம்ப்பான்னேன்."

வெண்டல் ஹெல்மெட்டை அலமாரியில் வைத்தார்.

"'அது போதும்'னான், சார்."