வேர்க்க வைக்கிற கதை

"பேய்ப் படத்துக்குத்தான்யா இப்போ மவுசு. ஆனா கதை கேக்கிற எனக்கே வேர்க்கணும்," என்றார் தயாரிப்பாளர்.

லிஃப்டுக்குள் வரும் பேயைச் சொன்னான் எழுத்தாளன். கொட்டாவி விட்டார். தொட்டிலை ஆட்டும் பேயைச் சொன்னான். செல்போனை எடுத்தார். இந்தக் கதவும் சாத்திக்கொண்டால் தட்ட வேறு கதவில்லை.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு சார். முதல் நாள், முதல் காட்சி. ஓடுறது சிரிப்புப் படம். தியேட்டர்ல சத்தமே இல்ல. படம் எடுத்தவர் மெதுவாத் திரும்பிப் பாக்கிறார். அத்தனை சீட்டும் காலி. கடைசி வரிசையில மட்டும் ஒரு உருவம் குலுங்கிக் குலுங்கி அழுதுட்டிருக்கு..."

"நிறுத்துய்யா!" தயாரிப்பாளருக்குச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "அதைப் பாத்தது நான் ஒருத்தன்தான். உனக்கெப்படித் தெரியும்?"

"அழுதது நான்தான் சார். டைரக்டர் பேர்ல வந்த அந்தப் படத்தோட கதையை எழுதினவன்."