வண்டிக்கு மட்டும்

கோத்தகிரி மலைக்கு மருந்து கொண்டுபோகும் தர்மலிங்கத்துக்கும் அவன் பைக்குக்கும் இருந்த, விபத்தானால் வந்து தூக்கிச்செல்லும் மீட்புக் காப்பீடு அன்று காலையோடு முடிந்தது. மனைவி பூங்கோதை கைப்பேசியில் புதுப்பித்தாள். வண்டியை ஏற்றுக்கொண்ட செயலி ஓட்டுபவரை ஏற்கவில்லை. “இன்று கிடைக்காது. நாளை முயலவும்” என்றது.

“ஏனுங்க, இன்னைக்குப் போகாதீங்க. அந்தக் காப்பீட்டுக்காரங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்குது.”

“மேல ஒரு கொழந்தைக்கு இன்சுலின் போகோணும், புள்ள.”

மதியம் அவனே அழைத்தான். “மருந்து குடுத்தாச்சு. எறங்கிட்டிருக்கறேன், சோறாக்கி வை.” அவள் நிம்மதியாக உலை வைத்தாள்.

மூன்று மணிக்கு மீட்பு வேன் வந்தது. டிரைவர் பைக்கை இறக்கினார். ஹேண்டில்பார் வளைந்திருந்தது, டேங்கில் ரத்தம்.

“அவரு எங்கீங்க?”

“பதினோராவது வளைவுலதான் கெடக்கறாருங்க. மூச்சு இருந்துச்சு. காப்பீடு வண்டிக்கு மட்டுந்தானாம், ஆள ஏத்துனா வேன் நகரமாட்டேங்குது, அக்கா. ஆம்புலன்சும் அவரு பேருக்கு இன்னைக்கு இல்லைன்னுருச்சு.” பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கைப்பேசியை நீட்டினார். “வண்டி வந்து சேந்துச்சுன்னு கைரேகை வையுங்க.”

பூங்கோதை கைரேகை வைக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பைக்கில் ஏறி உதைத்தாள். மூன்றாவது உதையில் கிளம்பியது. மலைப்பக்கம் திரும்பும்போதே இடுப்பிலிருந்த அவள் கைப்பேசி பேசியது: “ஓட்டுபவர் மாறியுள்ளார். இவருக்கும் இன்று கிடைக்காது.”