பட்டாளத்துப் புட்டி

நான் புட்டியைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். நாமக்கல் கடைவீதியில் நாலு பேர் கூடிவிட்டார்கள். பெரியவர் எதையோ குடித்துவிட்டுத்தான் இப்படி நிற்கிறார் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

நான் குடிக்கவில்லை. மலை ஏறும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக ஒரு புட்டி வாங்க வந்திருந்தேன்.

"சண்டை முடிஞ்சு வந்த பட்டாளத்துச் சாமானுங்க. உள்ள எனாமலு, மேல கம்பளித் துணி. நீங்க என்ன, ஆனை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். ஆனைக்கும் எனக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

கண்ணாடிப் புட்டி உடையும். தகரம் துருப்பிடிக்கும். சுரைக்குடுக்கை உறுதிதான், ஆனால் அது மலைக்காரர்கள் தோளில் தொங்குவது. நானோ சேந்தமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். பட்டாளத்துப் புட்டியையே வாங்கினேன்.

"ஏனுங்கப்பா, பொண்ணு ஊட்டுல தண்ணி தர மாட்டாங்களா?" என்றான் என் மகன் அர்த்தனாரி. அவனுக்குப் பெண் பார்க்கத்தான் மறுநாள் கொல்லிமலைக்குப் போகிறோம்.

"அதுக்குத்தான்டா புட்டி. பேச்சு முடியற வரைக்கும் பொண்ணு ஊட்டுல கை நனைக்கப்படாது. பச்சத் தண்ணி குடிச்சாலும் சம்மதம்னு சொன்ன மாதிரி. அப்புறம் எந்த வாயில மொளகுத் தோட்டத்தைச் சீதனமாக் கேக்கறது?"

இது கீழ்நாட்டு வழக்கம். நானும் கொல்லிமலையில் எடப்புளி நாட்டில் பிறந்த மலைக்காரன்தான். மேலே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் கொடுப்பார்கள். கீழே வந்து கடை வைத்த பிறகு அதை மறந்துவிடுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"எனக்குத் தோட்டம் வேண்டாமுங்க. பெருமாயி போதும்" என்றான் அவன். ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் அவளைப் பார்த்ததிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவன் சாப்பாட்டையும் சேர்த்து நான் சாப்பிட்டுக்கொண்டு மிளகு விலையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அடிவாரத்தில் புட்டியை நிரப்பினேன். ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்று தக்கையைக் கல்லால் தட்டி இறக்கினேன். பாதி ஏற்றத்தில் தாகம் எடுத்தது. தக்கையைப் பிடுங்கினேன், அதன் தலை மட்டும் கையோடு வந்தது.

குச்சியால் குத்தினேன். குச்சியும் உள்ளே முறிந்து தக்கைக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டது. புட்டியைப் பாறையில் ஓங்கி அடித்தேன். பாறை கொஞ்சம் உதிர்ந்தது.

"ஓடையில குடிங்கப்பா."

"ஓடைத் தண்ணி மலைக்காய்ச்சல் கொண்டாரும்" என்றேன், சின்ன வயதெல்லாம் அதையே குடித்து வளர்ந்த நான்.

மலைமேல் குண்டனி நாட்டில் பெண் வீட்டு வாசலை அடைந்தபோது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்பே ஒரு வளையல்காரர் அங்கே கூடையை இறக்கியிருந்தார். பெண்ணின் தகப்பனார் சென்றாயன் அவருக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். அவர் கடகடவென்று குடித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"வாங்க காளியண்ணா. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார் சென்றாயன்.

"வேண்டாமுங்க. பேசிட்டுக் குடிக்கலாம்."

பெருமாயி கதவோரம் நின்று என் இடுப்பைப் பார்த்தாள். "ஏனுங்க, அந்தப் புட்டியில தண்ணி இல்லீங்களா?"

"நெறைய இருக்குது கண்ணு" என்றேன். ஒரு பொய்யும் இல்லை.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மொளகு" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் இருமல்தான் வந்தது. கண் இருட்டியது. பெருமாயி ஓடிவந்து சொம்பை என் முன்னால் வைத்தாள். அதன் வெளிப்புறமெல்லாம் வியர்த்திருந்தது, அவ்வளவு குளிர்ந்த தண்ணீர்.

மகன் என்னைப் பார்த்தான். நான் சொம்பைப் பார்த்தேன். எடுத்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். மிளகுத் தோட்டம் முழுவதும் கொடியோடு தொண்டைக்குள் இறங்கிப் போனது.

தோற்றாலும் பெரிய மனுஷனாகத் தோற்க வேண்டும். மீசையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சரிங்க, உங்க ஊட்டுத் தண்ணியக் குடிச்சாச்சு. இனிமே தோட்டம் தொரவுன்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். பெருமாயிய எங்க ஊட்டு மருமகளா ஏத்துக்கிட்டேன். சந்தோசந்தானுங்களே?"

அர்த்தனாரியின் முகம் மலர்ந்தது. பெருமாயி தலையைக் குனிந்து உள்ளே போனாள். எங்கள் பெருந்தன்மையைக் கண்டு அவள் நெகிழ்ந்துபோனதாக நினைத்துக்கொண்டேன்.

சென்றாயன் காலிச் சொம்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அர்த்தனாரியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"தண்ணி யாரு வந்தாலும் குடுப்போமுங்க. பொண்ணத்தான் ஆளப் பாத்துக் குடுப்போம்."